லயத்துக்கு மேலே இருக்கும் கல்லை எடுத்துவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் அம்மாயி இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறார். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே, மரத்தடியில், ஒரு கல்லும் மூன்று சூலங்களும். வெள்ளிக்கிழமை தோறும் கல்லுக்கு மஞ்சள் பூசி, சூல முனையில் எலுமிச்சம்பழம் குத்தி, விளக்கு வைக்கிறார். இப்போது தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பெரிதாகக் கட்டுகிறார்கள். கோயில் கமிட்டியில் சிலர், சிறுதெய்வக் கல் பக்கத்தில் இருந்தால் தோஷம், எடுத்து ஆற்றில் விட்டுவிடலாம் என்கிறார்கள். கல்லுக்கும் சூலத்துக்கும் பழத்துக்கும் என்ன அர்த்தம், தோஷம் என்பது உண்மையா, கொழும்பில் வாடகை வீட்டில் இருக்கும் நீங்கள் இதை எப்படித் தொடர்வது என்று மூன்று கேள்விகள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட நான்காவது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அம்மாயி இத்தனை காலம் கும்பிட்டது சாமியைத்தானா?

பதில் சொல்பவன் யார் என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்கியவர். வெள்ளி, செவ்வாயில் பூசாரி. நான் படித்து ஆசிரியராகி, 31 வருடம் சைவநெறியும் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகமும் கற்பித்து ஓய்வு பெற்றவன். சமய தீட்சை உண்டு. பிரதிஷ்டை, கும்பாபிஷேகம் செய்யும் தகுதி இல்லை. ஆகவே ஆகம விதி பற்றி நான் சொல்வது படித்தவன் வாக்கு, செய்பவன் வாக்கு அல்ல. உங்கள் கல்லையும் நான் நேரில் பார்த்ததில்லை.

சூலத்தில் தொடங்குகிறேன். மூன்று முனைக்கு நூல்களில் ஒரே விளக்கம் கிடையாது. இச்சை, ஞானம், கிரியை என்ற மூன்று சக்திகள் என்பார்கள். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தை அறுப்பது என்பார்கள். முக்குணம் என்பாரும் உண்டு. பரீட்சைத் தாளில் இவற்றில் எதை எழுதினாலும் நான் புள்ளி போட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் லயத்துக்கு மேலே அந்தச் சூலங்களை நட்டவர் மும்மலத்தை நினைத்து நட்டார் என்று சொல்ல என் வாய் கூசுகிறது. வேறொரு பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில், சிவன் கோயிலுக்கு நிலம் விட்டால் அதன் எல்லையில் சூலம் பொறித்த கல்லை நட்ட செய்தி வருகிறது. பெருமாள் கோயில் நிலமென்றால் சக்கரம் பொறித்த கல். எழுத்துத் தெரியாதவனும் அதைப் பார்த்தவுடன், இதற்கு அப்பால் சாமியின் இடம் என்று அறிந்துகொள்வான். சூலம் தத்துவம் சொல்வதற்கு மட்டுமல்ல, எல்லை காட்டுவதற்கும் நின்றிருக்கிறது. மலையகத்துச் சூலங்களைப் புரிந்துகொள்ள எனக்கு முக்குணத்தைவிட இந்த எல்லைக் கல்தான் அதிகம் உதவியது.

நான் வளர்ந்த தோட்டத்தையே சொல்கிறேன். அங்கே அம்மன் கோயிலைத் தவிர ஐந்து இடங்களில் கல் இருந்தது. தொழிற்சாலைப் பக்கம் ஒன்று; அது ரோதைமுனி. பெரிய சக்கரமும் வாரும் சுழலும் இடத்தில் கையைக் கொடுத்தவர்கள் உண்டு, அதனால் அங்கே ஒரு முனி. பீலிக்கரைக்கு, அதாவது தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, மேலே ஒன்று. தண்ணீர் நின்றுபோனால் கீழே இருக்கும் பணிய லயம் முழுவதும் தவிக்கும். பாதை வளைந்து பள்ளத்தை ஒட்டிப் போகும் முடக்கில் ஒன்று. தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில் ஒன்று. விறகுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டும் முன் ஒரு இலையைப் பறித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள், அதற்கு அப்பால் சிறுத்தை. ஐந்தாவது, கவ்வாத்து மலையில் அப்பாவின் ஆட்கள் கும்பிட்ட கவ்வாத்துச் சாமி. வெட்டுத் தொடங்கும் நாளில் கத்திகளை எல்லாம் அதன் முன்னால் வரிசையாக வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். இந்த ஐந்தையும் ஒரு தாளில் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள், அந்தத் தோட்டத்தில் மனிதன் எங்கெங்கே அடிபடுவான், எங்கே பயப்படுவான், எதை நம்பிப் பிழைப்பான் என்ற வரைபடம் வந்துவிடும். துரையின் அலுவலகத்தில் சுவரில் தொங்கிய வரைபடத்தில் ஏக்கரும் நம்பரும் மட்டுமே இருந்தன.

ஆகவே கல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், அது நிற்கும் இடத்தை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதே என் முடிவு. இதை என் அபிப்பிராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த நூலிலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் பழைய வழக்கம் ஒன்று இதற்குத் துணையாக நிற்கிறது. ஊரை விட்டுப் போகிறவர்கள் குலதெய்வத்தின் சிலையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை; கோயிலடியில் ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் கல் நட்டு அதனடியில் வைப்பார்கள். பிடிமண் என்ற பெயரே அதுதான். தெய்வம் மண்ணோடு சேர்ந்தது என்ற எண்ணம் இல்லாவிட்டால் இந்த வழக்கத்துக்கே தேவை இல்லை.

மலையகத்தில் இந்தக் கற்கள் ஏன் இத்தனை என்பதற்கு நம் வரலாறே காரணம். 1820களில் கோப்பிக்காக நம் ஆட்கள் வரத் தொடங்கியபோது ரயில் இல்லை. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளை வரை நடை. வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அம்மை கொடுப்பவளும் அவளே, இறக்குபவளும் அவளே என்று நம்பப்பட்ட மாரியம்மன் தோட்டத்துக்குத் தோட்டம் குடியேறியதில் என்ன வியப்பு? அந்த வழியின் முடிவில் நிற்பதுதான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். இன்று 108 அடி ராஜகோபுரமும், மாசி மகத்தில் ஐந்து தேர்களும் உள்ள கோயில். அது தொடங்கியது ஒரு மரத்தடியில், சிறிய உருவம் ஒன்றை வைத்துக் கும்பிட்டதில். 1874இல் கட்டடமாக எழுந்தது. உங்கள் கமிட்டியில் மரத்தடி வழிபாட்டைக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஆண்டுதோறும் மாத்தளைத் தேருக்குப் போகிறவர்களாகவே இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். பூசணிக்காயை உடைத்துக் குங்குமம் தடவுவதும் எலுமிச்சையை நறுக்கிச் சிவப்பாக்குவதும் உயிர்ப்பலிக்கு மாற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்; ஆகமக் கிரியையிலேயே பூசணிக்காய்ப் பலி உண்டு. சூல முனையில் குத்துவதும் அந்த வகையே என்பது நியாயமான ஊகம், அவ்வளவுதான். என் அப்பாயியிடம் சின்ன வயதில் கேட்டபோது, "முனையில் பழம் இருந்தால் உங்களைப் போன்ற வானரங்கள் கண்ணைக் குத்திக்கொள்ள மாட்டீர்கள்" என்றார். அதையும் நான் தள்ளிவிடவில்லை.

மஞ்சளுக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. அம்மை இறங்கிய குழந்தைக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம்; கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் பூசுகிறோம். அம்மாயி கல்லுக்குச் செய்வது அதுவே. அவர் கைக்கு அது கல் இல்லை, உடம்பு. வேப்பிலை பற்றி ஒரு சங்கதி: வேம்பு வறண்ட வெயில் பூமியின் மரம், நுவரெலியாக் குளிரில் அதற்கு வாழ்வில்லை. எங்கள் தோட்டத்தில் திருவிழாக் கரகத்துக்கு வேப்பிலை கீழே மாத்தளைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சாக்குக் கட்டி வரும். வராத வருடம் அப்பா இருக்கிற பச்சையைக் கட்டி, "ஆத்தா, இதையே வேம்பாக எடுத்துக்கொள்" என்று சொல்லிக் கரகம் தூக்கினார். படித்த திமிரில் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பின்னர்தான் தெரிந்தது, சிவாச்சாரியாரும் பூசையில் ஏதாவது ஒரு பொருள் குறைந்தால் அதற்குப் பதில் அட்சதையைப் போட்டுப் பாவனையால் நிறைவு செய்கிறார் என்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சூலம் இடிதாங்கி, மஞ்சள் கிருமிநாசினி, எலுமிச்சை தீய அலைகளை உறிஞ்சும் என்று வட்ஸ்அப்பில் வருவதை அம்மாயிக்குத் துணையாகக் கொண்டுபோய்க் கமிட்டியில் வைக்காதீர்கள். இடுப்பளவு இரும்புக்குப் பக்கத்தில் அறுபது அடி மரம் நிற்கும்போது இடி எதில் விழும்? மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் தன்மை ஓரளவு உண்டு, ஆனால் கல்லுக்குப் புண் வராது. பக்தியை விஞ்ஞானத்தின் முதுகில் ஏற்றிக் காப்பாற்றப் போனால் இரண்டும் சேர்ந்து விழும்.

இப்போது சிறுதெய்வம், தோஷம். கமிட்டிக்காரர்கள் வெறும் கையோடு வரமாட்டார்கள். அப்பர் சுவாமிகளின் "சென்றுநாம் சிறுதெய்வம் சேர்வோம் அல்லோம்" என்ற வரி அவர்கள் கையில் இருக்கும். அது தேவாரம், மறுக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் உயிர்ப்பலியையும் இத்தகைய வழிபாட்டையும் கடுமையாக எதிர்த்தார். நாம் பாடசாலையில் படித்த சைவத்தில் அந்தக் குரல் இருக்கிறது. அதே சைவ சித்தாந்தத்தின் சாத்திர நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வம் ஆகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்" என்கிறார். நீ எந்தத் தெய்வத்தைக் கொண்டாலும் அந்தத் தெய்வமாகச் சிவனே வந்து அருளுவார் என்பது பொருள். இந்த வரியை மட்டும் சொல்லி நிறுத்துவது வசதி. ஆனால் அந்தப் பாட்டு மேலே, மற்றத் தெய்வங்கள் பிறக்கும், இறக்கும், வேதனைப்படும், ஆகவே அறிந்து அருள்பவன் சிவன் ஒருவனே என்றும் போகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எல்லாத் தெய்வமும் சமம் என்று சித்தாந்தம் சொல்லவில்லை. ஆனால் மரத்தடியில் வைத்த விளக்கு வழி தவறிப் போய்விடும் என்றும் சொல்லவில்லை. உங்கள் நான்காவது கேள்விக்குச் சாத்திரத்திலிருந்து நான் தரக்கூடிய பதில் இதுதான்.

உருவம் இல்லாத கல், வெறும் சூலம் என்ற இளக்காரத்துக்கோ சாத்திரமே தேவையில்லை. ஆகமக் கோயிலில் திருவிழா முடிவில் தீர்த்தமாட எழுந்தருளுகிறவர் அஸ்திரதேவர். அவர் வடிவம் சூலம். யாழ்ப்பாணத்தில் வைரவரை மரத்தடியில் சூலமாகவே நட்டுக் கும்பிடும் இடங்கள் எத்தனை! கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் சிலை இல்லை. வாயைத் துணியால் கட்டிய கப்புறாளை என்ற சிங்களப் பூசகர் மந்திரம் ஒலிக்காமல் பூசை செய்கிறார். அங்கே யாரும் ஆகமம் கேட்பதில்லை. பாதயாத்திரையாகப் போய் அரோகரா சொல்லிவிட்டு வருகிறோம். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையில் ஏறி நாம் கும்பிடுவதும் பாறையில் ஒரு சுவடைத்தான்.

அருகில் இருந்தாலே தோஷம் என்று நான் படித்த எதிலும் இல்லை. ஆற்றில் விடுவது என்பது வேறு சங்கதி. திருப்பணியின்போது பின்னமான, அதாவது உடைந்து தேய்ந்த பிரதிஷ்டை உருவங்களை உரிய கிரியையோடு நீரில் விடும் முறை உண்டு. முழுதாக இருக்கும், பூசை நடக்கும் ஒன்றுக்கு அந்த முறையைக் காட்டுவது பொருந்தாது. அப்படியே வேலைக்காகச் சில மாதம் தள்ளி வைக்க நேர்ந்தால் அதற்கென்று பாலஸ்தாபனம் இருக்கிறது. தெய்வத்தைக் கும்பத்தில் இறக்கி, வேறிடத்தில் வைத்துப் பூசை நிற்காமல் நடத்தி, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்குக் காரணம் படிப்பு மட்டும் இல்லை. 1989இல் எங்கள் தோட்டத்துக் கோயிலைக் கட்டியபோது, உங்கள் கமிட்டிக்காரர்கள் இடத்தில் நான் இருந்தேன். புது ஆசிரியன், புது வேட்டி, வாயில் தேவாரம். பீலிக்கரைக் கல் கோயில் வாசலுக்குக் குறுக்கே வருகிறது என்றார்கள்; நான் அப்பரைச் சொல்லி, எடுத்துவிடலாம் என்றேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லை எங்கே போடுவது என்று தெரியாமல் கொத்தனார் அதை மடைப்பள்ளிப் படியின் மூன்றாம் படிக்கு அடியில் கொடுத்துச் சீமெந்து பூசிவிட்டார். கும்பாபிஷேகம் நன்றாகவே நடந்தது. மண்டலாபிஷேக நாட்களில் பார்த்தேன், மேட்டு லயத்துக் கிழவிகள் மூன்றாம் படியை மட்டும் மிதிக்காமல் தாண்டி ஏறினார்கள். சில நாள் கழித்து அந்தப் படியின் ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூ. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அப்பா உடுக்கையைப் பரணில் போட்டார், சாகும்வரை எடுக்கவில்லை.

ஆகவே என் யோசனை. கல்லை இருக்கும் இடத்தில் விடுங்கள். கூரை போட வேண்டாம். அது மழையிலும் பனியிலும் இருந்தே வந்தது. கும்பாபிஷேகம் செய்ய வரும் சிவாச்சாரியாரிடம் யாகசாலை அமைக்கும் முன்பே, பழைய கல் ஒன்று இருக்கிறது, அதற்கும் ஒரு கும்ப நீர் ஊற்ற முடியுமா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இளம் குருக்கள்மார் பலர் மறுப்பதில்லை. மறுப்பு கமிட்டியிலிருந்தே வரும். வருடத்துக்கு ஒரு முறை கோழி அறுக்கும் வழக்கம் அந்தக் கல்லுக்கு உண்டென்றால் அதுதான் உண்மையான சிக்கல். எனக்கு உயிர்ப்பலியில் சம்மதம் இல்லை. ஆனால் அதை நிறுத்துவது அங்கே கும்பிடுகிறவர்கள் முடிவாக இருக்க வேண்டும். சில தோட்டங்களில் அன்றைக்கு அம்மன் சந்நிதியில் திரையை இழுத்துவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் கோழிக்குப் பதில் பூசணி வந்துவிட்டது. கல்லை எடுக்க ஒரே ஒரு நல்ல காரணம் எனக்குத் தெரியும்: மேலே மண் சரியும் அபாயம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததற்குப் பிறகு, சரிவு அபாயம் என்று அதிகாரிகள் சொன்னால் அங்கே சாமியையும் வைக்க வேண்டாம், அம்மாயியையும் வைக்க வேண்டாம். அப்போது பிடிமண் எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து இறங்குங்கள்.

கொழும்பு வீட்டுக்கு அந்தக் கல்லையோ அதைப் போல ஒன்றையோ கொண்டு போகாதீர்கள். நேரத்துக்குப் பூசை வைக்க முடியாத இடத்தில் அது உங்களுக்குக் குற்ற உணர்ச்சியை மட்டுமே தரும். வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு, ஒரு செம்புத் தண்ணீர், அதில் ஒரு துளி மஞ்சள் போதும். மறுநாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். என் அம்மா மலையில் நிரை பிடித்து முதல் கொழுந்தைக் கிள்ளும்போது "பொலி, பொலி" என்று சொல்லிக்கொண்டுதான் கூடையில் போடுவார். களத்துமேட்டில் நெல் அளந்தவர்கள் சொன்ன சொல், நெல் இல்லாத மலைக்கும் வந்துவிட்டது. நீங்களும் காலையில் கணினியைத் திறக்கும்போது அதைச் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது அம்மாயியிடம் கல்லின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதை நடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, அங்கே நின்றால் எது தெரிகிறது, லயமா, பள்ளமா, தண்ணீரா என்று பாருங்கள். கமிட்டிக் கூட்டம் அதற்கு முன்னால் வந்துவிட்டால், அந்தக் கூட்டத்துக்கு அம்மாயியையே அழைத்துப் போங்கள்.